எல் சிச்சோன் வடக்கே நின்றது, பினடுபோ ஏன் தெற்கே தாண்டியது?

3 மார்ச் 2024, மாலை 6.40 (வாசகர் கேள்வி)

மெக்சிகோவின் எல் சிச்சோன் எரிமலை 1982-இல் வெடித்தது. அது இருப்பது 17 டிகிரி வடக்கு. பிலிப்பைன்ஸின் பினடுபோ 1991-இல் வெடித்தது. அது 15 டிகிரி வடக்கு. இரண்டின் கந்தகமும் 20 கிலோமீட்டருக்கு மேலே, மேகமும் மழையும் இருக்கும் அடுக்கைத் தாண்டி ஸ்ட்ரேட்டோஸ்பியருக்குள் போயிற்று. ஆனால் எல் சிச்சோனின் கந்தகப் படலம் பெரும்பாலும் வட அரைக்கோளத்திலேயே தங்கிவிட்டது. பினடுபோவுடையது இரண்டே வாரத்தில் நிலநடுக்கோட்டைத் தாண்டி, பிறகு உலகம் முழுவதையும் மூடியது. எந்த இடம், எந்த உயரம், எத்தனை டன் என்று கணினி மாடலுக்குக் கொடுத்துவிட்டால் மீதியைக் காற்று பார்த்துக்கொள்ளும் என்றுதான் எங்களுக்கு வகுப்பில் சொன்னார்கள். அப்படியானால் இவை இரண்டும் ஏன் ஒரே வழியில் போகவில்லை?

3 மார்ச், இரவு 10.15

காற்று பார்த்துக்கொள்ளும் என்ற இடத்தில்தான் சிக்கல். படலம் காற்றோடு போகும். போகிற போக்கில் காற்றையும் மாற்றும்.

எரிமலை மேலே அனுப்புவது சல்ஃபர் டை ஆக்சைடு வாயு. கூடவே போகும் சாம்பலில் பெரும்பகுதி சில நாட்களில் விழுந்துவிடும். வாயு அங்கேயே நின்று, ஹைட்ராக்சில் மூலக்கூறுகளோடு வினைபுரிந்து கந்தக அமிலமாக மாறும். பினடுபோவில் இது ஏறத்தாழ ஒரு மாதத்தில் மூன்றில் இரண்டு பங்கு முடிந்துவிட்டது. அமில ஆவி நீரோடு சேர்ந்து துளியாகும், துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒட்டும், வளரும். இந்தத் துளிகள் வெயிலைத் திருப்பி அனுப்புவதால் தரை குளிர்கிறது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அதே துளிகள் தரையிலிருந்து வரும் அகச்சிவப்பை உறிஞ்சுவதால் அவை இருக்கும் அடுக்கு சூடாகிறது என்பதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பினடுபோவுக்குப் பிறகு வெப்பமண்டலத்தின் மேலே அந்த அடுக்கு 2–3 டிகிரி சூடேறியது.

சூடான காற்று ஏறும். ஏறிய இடத்தில் காற்று பக்கவாட்டில் விரியும். யங், ஹூபன், டூன் மூவரும் 1994-இல் இதைத்தான் கணக்குப் போட்டுக் காட்டினார்கள்: படலத்தின் சூட்டைச் சேர்த்தால் அது உயர்ந்து நிலநடுக்கோட்டைத் தாண்டுகிறது, சேர்க்காவிட்டால் தாண்டுவதில்லை. 2012-இல் நாசாவின் ஜியோஸ்-5 மாடலிலும் இதே மாதிரிதான் வந்தது.

எல் சிச்சோன் அனுப்பியது சுமார் 70 லட்சம் டன் வாயு. பினடுபோ 1.5 முதல் 2 கோடி டன். ஆக எல் சிச்சோனின் சூடு போதவில்லை. உங்கள் கேள்விக்கு விடை அதுதான்.

4 மார்ச், காலை 5.50

நேற்று இரவு எழுதியதைத் திரும்பப் படித்தேன். கடைசி வரி தவறு. தவறு என்றால், சூடு காரணம் இல்லை என்று சொல்லவில்லை. அது ஒன்றே காரணம் என்று எழுதியது தவறு.

இரண்டு வெடிப்புகளுக்கும் இடையே அட்சரேகை இரண்டு டிகிரிதான் மாறுகிறது. ஆனால் மாதம் மாறுகிறது. எல் சிச்சோன் மார்ச் 28-இல் தொடங்கி ஏப்ரல் 4-இல் உச்சம் தொட்டது. பினடுபோ ஜூன் 15. ஸ்ட்ரேட்டோஸ்பியரில் காற்று வெப்பமண்டலத்தில் மெல்ல ஏறி, குளிர்கால அரைக்கோளத்தின் பக்கமாகப் போய், துருவத்தை நெருங்கி இறங்கும். பிரூவர்–டாப்சன் சுழற்சி என்பது இதுதான். ஜூனில் குளிர்காலம் தெற்கே. எனவே பினடுபோவின் படலத்தை ஏற்கெனவே தெற்கு இழுத்துக்கொண்டிருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் அப்படி ஒரு தெற்கு இழுப்பு இல்லை. வடக்கின் குளிர்காலம் அப்போதுதான் ஓய்ந்துகொண்டிருந்தது.

மூன்றாவது சாட்சியும் உண்டு. பாலித்தீவின் அகுங், 8 டிகிரி தெற்கு, 1963 மார்ச். அதன் படலம் பெரும்பாலும் தென் அரைக்கோளத்தில்தான் பரவியது. ஆக மூன்று வெப்பமண்டல எரிமலைகள், மூன்று வழிகள்: ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே, ஒன்று இரண்டு பக்கமும். ஒரே காரணத்தை வைத்து மூன்றையும் விளக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

4 மார்ச், மதியம் 1.05

கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: "2 கோடி டன் வாயு போய் 3 கோடி டன் ஏரோசால் (காற்றில் மிதக்கும் நுண்துளிகள்) ஆனது என்கிறார்கள். கூடுதல் ஒரு கோடி எங்கிருந்து வந்தது?"

அங்கேயே இருந்த காற்றிலிருந்தும் நீரிலிருந்தும். சல்ஃபர் டை ஆக்சைடின் மூலக்கூறு எடை 64, கந்தக அமிலத்தின் எடை 98. எனவே 2 கோடி டன் வாயு முழுசாக மாறினால் 3 கோடி டன்னுக்குச் சற்று மேல் அமிலம். துளியில் முக்கால் பங்கு அமிலம், கால் பங்கு நீர் என்று வைத்தால் மொத்தம் 4 கோடி டன்னைத் தாண்ட வேண்டும். அளந்ததோ உச்சத்தில் 2 முதல் 3 கோடி டன். எனவே உண்மையான புதிர் நீங்கள் கேட்டதற்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது: மீதி எங்கே போயிற்று?

இதைப் பற்றி இரவு எழுதுகிறேன். என் வாழ்க்கையில் இரண்டு வருடம் இந்தப் புதிரில் போயிருக்கிறது.

4 மார்ச், இரவு 11.30

நான் ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது கொடுக்கப்பட்ட வேலை பினடுபோவை மாடலில் திரும்ப வெடிக்க வைப்பது. 2 கோடி டன் போட்டேன். படலம் அளந்ததைவிட மிகத் தடிமனாக வந்தது. 1.4 கோடி போட்டேன், இன்னும் கொஞ்சம் கூடுதல். 1 கோடி போட்டதும் செயற்கைக்கோள் வளைகோட்டின் மேல் என் வளைகோடு அப்படியே உட்கார்ந்தது. அன்று இரவு விடுதிக்கு நடந்துபோனது இன்னும் நினைவிருக்கிறது. அவ்வளவு சந்தோஷம். மற்ற குழுக்களும் 1 முதல் 1.4 கோடி வரைதான் போட்டிருந்தார்கள், எனவே யாரும் கேள்வி கேட்கவில்லை.

ஆறு மாதம் கழித்து, வேறு ஒரு காரணத்துக்காகச் செங்குத்துக் கட்டங்களை, அதாவது மாடல் காற்றை உயரவாக்கில் வெட்டிக்கொள்ளும் அடுக்குகளை, இரண்டு மடங்காக்கி ஓட்டினேன். அதே 1 கோடி டன், அதே காற்று. படலம் முன்பைவிட நீண்ட நாள் தங்கியது. வளைகோடு பொருந்தவில்லை.

என்ன நடந்தது என்று புரிய ஒரு சின்னக் கணக்கு போதும். அரை மைக்ரான் ஆரமுள்ள அமிலத்துளி, 20 கிலோமீட்டர் உயரத்தில், ஒரு நாளில் சுமார் 20 மீட்டர் விழும். ஒரு நாள் முழுக்க விழுந்தாலும் ஒரு பனைமரத்தின் உயரம்தான். என் மாடலின் கட்டம் ஒன்று ஒரு கிலோமீட்டருக்கு மேல் தடிமன். எனவே கட்டத்தின் உச்சியில் இருக்கும் துளி அடுத்த கட்டத்துக்குப் போக 50 நாளுக்கு மேல் ஆக வேண்டும். ஆனால் நான் பயன்படுத்திய எளிய முறை ஒரு கட்டத்துக்குள் எல்லாம் சீராகக் கலந்திருப்பதாக நினைத்துக்கொள்ளும். முதல் அரை மணி நேரத்திலேயே கொஞ்சம் எடையைக் கீழ்க்கட்டத்தில் போட்டுவிடும், அடுத்த அரை மணியில் அதில் கொஞ்சம் அதற்கும் கீழே. இப்படி ஒரு பங்கு மெல்லக் கசிந்து, உண்மையில் போகவே முடியாத வேகத்தில் கீழே போய்விடும். கணக்கு முறை உண்டாக்கும் கசிவு அது, எரிமலைக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இன்னொன்றும் சேர்த்துப் பாருங்கள். வெப்பமண்டலத்தில் அந்த உயரத்தில் காற்று ஏறும் வேகம் வினாடிக்கு 0.2–0.3 மில்லிமீட்டர். நாளுக்குக் கணக்கிட்டால் 17 முதல் 26 மீட்டர். துளி விழும் வேகமும் காற்று ஏறும் வேகமும் ஒன்றே! அரை மைக்ரான் துளி அந்தரத்தில் தொங்குகிறது. கொஞ்சம் சிறிய துளி என்றால் மேலே போகும், கொஞ்சம் பெரியது என்றால் இறங்கும். மாடலில் துளியின் அளவை ஒரு நூலிழை தவறாகக் கணக்கிட்டாலும் படலத்தின் போக்கே மாறிவிடுகிறது. துளிகளின் அளவு எவ்வளவு அகலமாகப் பரவியிருக்கிறது என்பதற்கு நாம் கொடுக்கும் எண்ணும் இதில் விளையாடும். அகலம் கூடினால் வாலில் பெரிய துளிகள் கூடும், சீக்கிரம் விழும்.

சரி, அப்படியானால் 1 கோடி டன் என்பது எரிமலையைப் பற்றிய உண்மையா, என் கட்டத்தின் தடிமனைப் பற்றிய உண்மையா? அந்தக் கேள்வியை அன்று யாரிடமும் கேட்கத் துணியவில்லை. இன்று கேட்கிறேன். உண்மையிலேயே கந்தகத்தில் ஒரு பங்கு முதல் நாட்களிலேயே சாம்பலோடும் பனியோடும் கீழே போயிருக்கலாம். அதற்கு நல்ல காரணங்கள் உண்டு. வெடித்த அதே நாளில் யூன்யா புயல் எரிமலைக்கு அருகே கடந்துகொண்டிருந்தது, சாம்பல் மழையில் ஊறி ஈரச்சேறாகக் கூரைகளை உடைத்தது. ஆனால் அதை நிரூபிக்காமல் எண்ணை மட்டும் குறைப்பது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

5 மார்ச், காலை 6.20

நேற்று சொன்னதற்கு ஒரு துணைக்குறிப்பு. 2 கோடி டன்னும் 20 மீட்டரும் பற்றிப் பேசும்போது, கந்தகம் இரண்டு மடங்கானால் குளிர்ச்சியும் இரண்டு மடங்காகும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கந்தகம் கூடினால் துளிகள் பெரிதாகும். பெரிய துளி அதே எடைக்குக் குறைவான வெயிலைத்தான் திருப்பும், சீக்கிரமும் விழும். இந்தோனேசியாவின் தம்போராவைப் போன்ற பெரிய வெடிப்புகளில் மாடல்கள் ஒன்றுக்கொன்று விலகுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

6 மார்ச், இரவு 9.45

"கணினி இல்லாமல் இதெல்லாம் யாராவது செய்திருக்கிறார்களா?" என்று கேட்டவருக்கு. செய்திருக்கிறார்கள், அதில் சென்னைக்கும் ஒரு பங்கு உண்டு. இந்தக் கதையைச் சொல்ல நான் ரொம்ப நாளாகக் காத்திருந்தேன்.

இந்தோனேசியாவின் கிராகடோவா எரிமலை 1883 ஆகஸ்ட் 27 காலையில் வெடித்தது. அது இருப்பது 105 டிகிரி கிழக்கு. செப்டம்பர் 2-இல் கரீபியன் கடலின் டிரினிடாடில் சூரியன் நீலமாகத் தெரிந்தது. செப்டம்பர் 5-இல் ஹொனலுலுவில் செரினோ பிஷப் என்ற பாதிரியார் வானத்தின் விந்தையைக் குறித்துவைத்தார். சூரியனைச் சுற்றித் தெரிந்த மங்கலான வளையத்துக்கு இன்றும் அவர் பெயர்தான். செப்டம்பர் 9 முதல் இலங்கையிலும் சென்னையிலும் சூரியன் பச்சையாக உதித்தது, பச்சையாக மறைந்தது. சென்னையில் அதை நிறமாலைமானி வைத்துப் பார்த்துப் பதிவு செய்தவர் மிக்கி ஸ்மித். பின்னாளில் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தின் முதல் இயக்குநரானவர் அவரேதான்.

இப்போது ஒரு தாளை எடுங்கள். கிராகடோவாவிலிருந்து மேற்கே போனால் டிரினிடாட் 167 டிகிரி, 6 நாள். ஹொனலுலு 263 டிகிரி, 9 நாள். சென்னை? நேராகப் பார்த்தால் 25 டிகிரி மேற்கேதான் இருக்கிறது, ஒரே நாளில் வந்திருக்க வேண்டும். ஆனால் ஒரு முழுச் சுற்று முடித்துத் திரும்ப வந்தது என்று எடுத்தால் 385 டிகிரி, 13 நாள். வகுத்துப் பாருங்கள்: நாளுக்கு 28, 29, 30 டிகிரி. மூன்று ஊர், ஒரே வேகம். வினாடிக்குக் கிட்டத்தட்ட 37 மீட்டர்.

வானிலை பலூன் அந்த உயரத்தைத் தொடாத காலத்தில், பள்ளிக்கூட வகுத்தலால், ஸ்ட்ரேட்டோஸ்பியரின் காற்றை அளந்துவிட்டார்கள். லண்டன் ராயல் சொசைட்டி இந்தச் சாட்சிகளையெல்லாம் சேர்த்து 1888-இல் அறிக்கையாக வெளியிட்டது. ஏரோசால் பரவலுக்கு முதல் மாடல் எது என்று கேட்டால் நான் அதைத்தான் சொல்வேன்.

பச்சை நிறமும் ஒரு அளவீடுதான். சாதாரணத் தூசி நீலத்தைச் சிதறடித்துச் சிவப்பை விட்டுவைக்கும். சிவப்பைக் கூடுதலாகத் தடுத்துப் பச்சையை விட வேண்டுமானால், துகள்கள் ஒளியின் அலைநீளத்தை ஒட்டிய அளவில், அதுவும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்க வேண்டும். சென்னைக்காரர்கள் கடற்கரையில் நின்று பார்த்தது துகளின் அளவுப் பரவலை.

7 மார்ச், காலை 7.10

நேற்றைய கணக்கைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர் பினடுபோவுக்கும் போட்டுப் பார்த்திருக்கிறார், நன்றி. பினடுபோ உலகைச் சுற்ற 22 நாள் எடுத்தது. நாளுக்கு 16 டிகிரி, வினாடிக்குச் சுமார் 20 மீட்டர். கிராகடோவாவின் பாதி வேகத்துக்குச் சற்றே மேல். எல் சிச்சோனும் மூன்று வாரம்தான். "ஏன் இந்த வித்தியாசம்?" என்கிறார்.

இங்கேதான் நான் முதல் நாள் இரவு சொல்ல மறந்த மூன்றாவது ஆள் வருகிறது.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து வருவது கச்சான். வருடத்துக்கு ஒரு சுற்றாக அவை மாறி மாறி வரும், வலை எடுக்கும் நேரமும் மாறும். நிலநடுக்கோட்டின் மேலே, 20–30 கிலோமீட்டர் உயரத்திலும் ஒரு கொண்டலும் ஒரு கச்சானும் உண்டு. ஆனால் அவை வருடக் கணக்குக்கு அடங்குவதில்லை. சராசரியாக 28 மாதத்துக்கு ஒரு சுற்று. மேலே தொடங்கி, மெல்ல மெல்லக் கீழே இறங்கி வரும். கொண்டல் ஒரு வருடத்துக்கு மேல், பிறகு கச்சான். கிராகடோவாவின் புகையை இழுத்துப் போனது கொண்டல். அதனால் அந்த உயரத்தில் எப்போதுமே கொண்டல்தான் என்று நம்பி, கிராகடோவாக் கொண்டல் என்றே பெயர் வைத்தார்கள். 1908-இல் பெர்சன் என்பவர் ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரிப் பக்கம் பலூன் விட்டபோது அங்கே மேற்குக் காற்று வீசியது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடியும் என்று அரை நூற்றாண்டு குழம்பினார்கள். 1960 வாக்கில் ரீட் அமெரிக்காவிலும் எப்டன் பிரிட்டனிலும் தனித்தனியாக விடை கண்டார்கள்: இரண்டும் மாறி மாறி வருகின்றன. இன்று இதன் பெயர் கியூபிஓ, அதாவது ஏறத்தாழ ஈராண்டு அலைவு.

வேகத்தை மட்டும் மாற்றினால் பரவாயில்லை. கொண்டல் இறங்கும் கட்டத்தில் நிலநடுக்கோட்டின் மேலே காற்று கூடுதலாக ஏறும், படலம் உயர்ந்து வெப்பமண்டலத்துக்குள்ளேயே அடைபட்டிருக்கும். கச்சான் இறங்கும் கட்டத்தில் படலம் தாழ்ந்து இரு பக்கமும் கசியும். டிரெப்டும் ஹிட்ச்மனும் 1992-இல் செயற்கைக்கோள் ஏரோசால் படங்களிலிருந்தே இதைக் காட்டினார்கள். பினடுபோ வெடித்தபோது கொண்டல் இறங்கிக்கொண்டிருந்தது.

ஆக மூன்று காரணங்கள்: பருவம், கியூபிஓ, படலத்தின் சொந்தச் சூடு. கேள்வி கேட்ட தம்பி பொறுத்துக்கொள்ளட்டும், விடை நீண்டுகொண்டே போகிறது.

7 மார்ச், இரவு 8.30

"அதற்கென்ன, 1991-இன் உண்மையான காற்றையே மாடலுக்குள் கொடுத்துவிட்டால் கியூபிஓவும் பருவமும் சரியாக வந்துவிடுமே?"

எல்லோரும் செய்வது அதுதான். நானும் செய்தேன். மறுபகுப்பாய்வுத் தரவை (பழைய அளவீடுகளைக் கொண்டு அன்றன்றைய காற்றைத் திரும்பக் கணக்கிட்டு வைத்தது) எடுத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை மாடலின் காற்றை அதன் பக்கம் இழுப்போம். கியூபிஓவைத் தானாக உருவாக்கச் செங்குத்துக் கட்டங்கள் நெருக்கமாக இருக்க வேண்டும், பல மாடல்களில் அது இல்லை. அதனால் இழுத்துத்தான் ஆக வேண்டும்.

ஆனால் 1991 ஜூலையின் காற்றில் பினடுபோவின் சூடு ஏற்கெனவே கலந்திருக்கிறது. அந்தக் காற்றைக் கொடுத்துவிட்டு, படலம் தெற்கே போனதைப் பார்த்து மாடல் சரியாகச் செய்கிறது என்று மகிழ்ந்தால், வினாத்தாளோடு விடையையும் கொடுத்துவிட்டு மதிப்பெண் போடுவது மாதிரி. வெப்பநிலையையும் சேர்த்து இழுத்தால் இன்னும் மோசம். என் மாடலில் துளிகள் அடுக்கைச் சூடாக்கும், இழுப்பு அந்தச் சூட்டைத் துடைத்துவிடும், துளிகள் திரும்பச் சூடாக்கும். எது எரிமலையின் வேலை, எது தரவின் வேலை என்று பிரித்துச் சொல்ல முடியாமல் பல வாரம் தவித்தேன். கடைசியில் வெப்பநிலை இழுப்பை எடுத்துவிட்டுக் காற்றை மட்டும் இழுத்தேன். அது பாதித் தீர்வுதான்.

2023-இல் வெளிவந்த பினடுபோ ஒப்பீட்டில் ஆறு மாடல்களை ஒரே மாதிரி ஓட்டினார்கள். அவை கந்தகத்தை வெப்பமண்டலத்திலிருந்து உயர் அட்சரேகைகளுக்கு மிக விரைவாக அனுப்பிவிடுகின்றன என்பதுதான் அங்கே முக்கியமாகத் தெரிந்த குறை. முப்பது வருடம் கழித்தும் வெப்பமண்டலத்தின் சுவரை நாம் மெல்லியதாகத்தான் கட்டுகிறோம். படித்தபோது என் பழைய ஓட்டங்களை ஞாபகப்படுத்தியது.

8 மார்ச், காலை 6.00

திருத்தம். முதல் கேள்வியில் "பினடுபோவுடையது உலகம் முழுவதையும் மூடியது" என்று இருந்தது, நானும் தலையாட்டிவிட்டேன். 1991 ஆகஸ்டில் சிலியின் ஹட்சனும் வெடித்தது, 46 டிகிரி தெற்கு. அந்த வருடம் தெற்கின் நடு, உயர் அட்சரேகைகளில், தாழ்ந்த உயரத்தில் கண்ட ஏரோசாலில் ஹட்சனுக்கும் பங்கு உண்டு. மாடலில் பினடுபோவை மட்டும் போட்டுவிட்டுத் தெற்கே குறைகிறதே என்று சூட்டைக் கூட்டினால், ஹட்சனின் கந்தகத்தைப் பினடுபோவின் கணக்கில் எழுதுகிறோம்.

அளவீட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. சேஜ்-2 செயற்கைக்கோள் சூரியனைப் படலத்தின் ஊடாகப் பார்த்து அளப்பது. பினடுபோவுக்குப் பிறகு வெப்பமண்டலத்தின் கீழ் ஸ்ட்ரேட்டோஸ்பியர் அவ்வளவு கெட்டியாகிவிட்டதால், அதற்குச் சூரியனே தெரியவில்லை. அந்த ஓட்டையைத் தரையிலிருந்து லேசர் விட்டு அளந்த லைடார் தரவுகளைக் கொண்டு பிற்பாடு நிரப்பினார்கள். நான் 1 கோடி டன்னைப் பொருத்திய வளைகோட்டின் முதல் சில மாதங்கள் இந்த ஒட்டுத்துணிதான். அன்று அதைக் கவனித்தேனா என்றால், இல்லை.

9 மார்ச், மதியம் 2.40

நம் பருவமழைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்று இருவர் கேட்டிருக்கிறீர்கள். எரித்ரியாவின் நப்ரோ, 2011 ஜூன். அது ஸ்ட்ரேட்டோஸ்பியருக்கு நேராகவே போனதா, இல்லை தாழ்வாக வந்து ஆசியப் பருவக்காற்றின் மேல்சுழற்சியில் மாட்டி அது தூக்கிவிட்டதா என்று பெரிய சண்டையே நடந்தது. தொடக்கத்திலேயே ஒரு பகுதி நேராக மேலே போயிருந்தது என்று பிற்பாடு அளவீடுகள் காட்டின. பருவக்காற்று அதைப் பரப்பியது. திருப்பதிக்கு அருகே காதங்கியில் இருக்கும் லைடார் 1998 முதல் இந்த அடுக்கைப் பார்த்துவருகிறது. ஒருமுறை அங்கே இரவு நின்று அந்தப் பச்சை ஒளிக்கற்றை நட்சத்திரங்களுக்குள் போவதைப் பார்த்திருக்கிறேன். 1883-இன் பச்சைச் சூரியன் சென்னையில் தெரிந்தது இதற்குக் கிட்டத்தட்ட அதே அட்சரேகைதான் என்று அப்போது தோன்றியது.

10 மார்ச், இரவு 10.50

டோங்காவைப் பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள் என்று தெரியும். 2022 ஜனவரி 15, ஹுங்கா டோங்கா, 20 டிகிரி தெற்கு. கடலுக்கடியில் வெடித்ததால் தண்ணீர் போயிற்று: ஏறத்தாழ 15 கோடி டன் நீராவி, ஸ்ட்ரேட்டோஸ்பியரில் இருந்த மொத்த நீரில் பத்தில் ஒரு பங்கு. தூண் 57 கிலோமீட்டரைத் தொட்டது. கந்தக வாயுவோ 4–5 லட்சம் டன்தான்.

என் முதல் நாள் விடையை இதைவிட அழகாகச் சோதிக்க முடியாது. பினடுபோவின் படலம் சூடாகி ஏறியது. டோங்காவின் படலத்தில் நீராவி மிகுந்திருந்ததால் அது அகச்சிவப்பை வெளியே வீசிக் குளிர்ந்து, முதல் வாரங்களில் கீழே இறங்கியது. நீர் கூடியதால் ஹைட்ராக்சிலும் கூடி, கந்தகமும் வழக்கத்தைவிடச் சீக்கிரம் அமிலமானது. இடம், உயரம், கந்தக டன் என்ற மூன்றை மட்டும் கேட்கும் மாடல் நீரைக் கேட்கவே இல்லை. கேட்காவிட்டால் படலத்தை எதிர்த்திசையில் அனுப்பும்.

12 மார்ச், காலை 5.15

தம்பி நேற்று தனியாக எழுதியிருந்தார்: மூன்று காரணங்களில் எது முக்கியம் என்று ஒரே வரியில் சொல்லுங்கள் என்று. ஒரே வரி என்னிடம் இல்லை. ஆனால் ஒரு வழி இருக்கிறது. பினடுபோவின் கந்தகத்தை ஏப்ரல் 4-இல் வெடிக்க வைப்பது, எல் சிச்சோனின் கந்தகத்தை ஜூன் 15-இல். காற்றை இழுக்காமல், கியூபிஓவைத் தானாக உருவாக்கும் மாடலில், சூட்டோடு ஒரு முறை, சூடு இல்லாமல் ஒரு முறை. ஒவ்வொன்றையும் ஒரு நாள் தள்ளித் தள்ளி ஐந்து தொடக்கத்திலிருந்து ஓட்ட வேண்டும், ஏனென்றால் ஒரு வாரத்தின் வானிலையே படலத்தின் முதல் திருப்பத்தை முடிவு செய்துவிடலாம். இதை மாணவனாக இருந்தபோதே செய்திருக்க வேண்டும். அன்று வளைகோடு பொருந்திவிட்டது, அதனால் செய்யவில்லை.

கணினித் தொகுப்பில் இரவு நேரத்தில் இடம் கொடுத்திருக்கிறார்கள். கட்டங்கள் இந்த முறை அரைக் கிலோமீட்டர். துளி விழுவதற்கு அந்தப் பழைய எளிய முறையை எடுத்துவிட்டேன். பினடுபோவின் கந்தக வாயு 1.4 கோடி டன், பொருந்தாவிட்டாலும் அதைத் தொடப்போவதில்லை.

15 மார்ச், காலை 5.30

ஜூன் 15-இல் சூட்டோடு தொடங்கிய ஐந்தில் நான்கு முடிந்தன. நான்கிலும் படலத்தின் ஒரு பகுதி நிலநடுக்கோட்டைத் தாண்டியது, ஆனால் எவ்வளவு என்பது ஒன்றுக்கொன்று கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மாறுகிறது. ஒரே ஒரு நாள் வித்தியாசத்தில்! சூடு இல்லாத ஓட்டங்களும் ஏப்ரல் ஓட்டங்களும் இன்னும் வரிசையில் நிற்கின்றன. ஏப்ரலில் முதலாவது நேற்று இரவு 40-ஆவது நாளைத் தொட்டிருந்தது. தம்பி, உங்களுக்குக் கோப்புகளைப் படிக்க வரும் என்றால் எழுதுங்கள், முடிந்தவற்றை இன்றே அனுப்புகிறேன்.